ஏ.சி. போட்டால் வண்டிக்குள் சத்தம்: ப்ளோயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டைப் பக்கம் வேன்களுக்கும் கார்களுக்கும் ஏ.சி. வேலை பார்க்கிறோம். கத்திரி வெயில் நெருங்கும்போதும், கார்த்திகை பிறந்து சபரிமலை வண்டிகள் கிளம்பும்போதும் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: ப்ளோயர் ஏன் கத்துகிறது, மோட்டாரை மாற்றியே ஆகவேண்டுமா? மாற்றவே தேவையில்லாத மோட்டார்கள் நிறைய மாற்றப்படுகின்றன. உடனே பார்க்க வேண்டிய சத்தங்களோ வயர் உருகும்வரை விடப்படுகின்றன. இரண்டையும் பார்த்து மனசு கேட்காமல்தான் இந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன்.

அண்ணே, ப்ளோயர்னா பானெட்டுக்குள்ள சுத்துற ஃபேனா?

இல்லை. பானெட்டைத் திறந்தால் தெரிவது ரேடியேட்டரையும் கண்டென்சரையும் குளிர்விக்கிற விசிறி. ப்ளோயர் இருப்பது டேஷ்போர்டுக்குள். பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருகிறவரின் கால் பக்கம், பேப்பர் வைக்கும் டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். 12 வோல்ட் மோட்டார் ஒன்று, அதன் தண்டில் மாட்டிய உருளை மாதிரியான பிளாஸ்டிக் வீல் ஒன்று, வீலைச் சுற்றி மெல்லிய தகடுகள். அவ்வளவுதான்.

காற்றை இழுத்து கூலிங் காயில் வழியாகத் தள்ளுவது இதன் வேலை. ஏ.சி. பட்டனை அமுக்காமல் வெறும் காற்று வைத்தாலும் சுற்றுவது இதேதான்.

ஏ.சி. போட்டா சத்தம் வருது. கம்ப்ரஸர் போச்சுன்னு ஒருத்தர் சொல்றார், ப்ளோயர்னு இன்னொருத்தர் சொல்றார். யாரை நம்புறது?

யாரையும் நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்புங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ப்ளோயரை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போங்கள். அப்போதும் சத்தம் வந்து, வேகத்தோடு கூடினால் அது ப்ளோயர்தான். எஞ்சின் ஓடாதபோது கம்ப்ரஸர் சுற்றாது, பெல்ட் சுற்றாது. அவற்றின் மேல் பழி போட வழியே இல்லை.

சாவியை மட்டும் திருப்பியபோது சத்தம் இல்லை, எஞ்சின் ஓடி ஏ.சி. பட்டனை அமுக்கினால் மட்டும் வருகிறது என்றால் கம்ப்ரஸர், பெல்ட், முன் விசிறி இவற்றைப் பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் பிடிக்கும்போது வருகிற ஒற்றை 'டக்' சத்தமும், ஏ.சி.யை நிறுத்தியபின் கொஞ்ச நேரம் கேட்கிற 'உஸ்' சத்தமும் கோளாறு இல்லை. அந்த 'உஸ்', கேஸ் அழுத்தம் சமநிலைக்கு வருகிற சத்தம்.

சத்தத்தை வெச்சே என்ன கோளாறுன்னு சொல்ல முடியுமா?

பெருமளவு முடியும். ரேடியோவை அணைத்துவிட்டு முதல் வேகத்தில் வைத்துக் கேளுங்கள். 'டிக்டிக்டிக்' என்று சீராக வந்து, வேகம் ஏற ஏற 'டர்ர்ர்' என்று மாறினால், ப்ளோயர் வீலில் ஏதோ உரசுகிறது. இலை, டோல் ரசீது, சாக்லேட் காகிதம், இப்படி ஏதாவது. இது மிகச் சாதாரணம், செலவும் அநேகமாக இல்லை.

காலையில் முதல் தடவை போடும்போது மட்டும் 'கீச்' என்று கத்தி, சில நிமிடத்தில் அடங்கினால் மோட்டார் தண்டு உட்கார்ந்திருக்கும் புஷ் உலர்ந்துபோயிருக்கிறது. வண்டி இடது வலது திரும்பும்போது சத்தம் மாறினாலும் புஷ்தான். தேய்ந்து, தண்டு ஆட்டம் கண்டுவிட்டது என்று அர்த்தம். டேஷ்போர்டே அதிர்கிற மாதிரி 'கடகட' வந்தால் வீல் சமநிலை இழந்திருக்கிறது. தகடு உடைந்திருக்கலாம், ஒரு பக்கம் மட்டும் மண் அப்பியிருக்கலாம், மோட்டார் ஸ்க்ரூ கழன்றிருக்கலாம்.

காற்று குறைந்து 'ஊ' என்ற இரைச்சல் மட்டும் கூடினால் மோட்டாரைத் தொடாதீர்கள். முதலில் ஏ.சி. ஃபில்டரைப் பாருங்கள். மணலி, மாதவரம் பக்கம் தினமும் லாரிகளுக்கு நடுவே ஓடுகிற வண்டியில் புது ஃபில்டர் சீக்கிரமே கறுத்துவிடும். கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு நம் பக்கத்துத் தூசிக்குப் போதாது.

கண்ணாடி எல்லாம் ஏத்தியேதான் ஓட்டுறோம். உள்ள எப்படி இலை போகும்?

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற இடத்தில் கறுப்பு கிரில் ஒன்று இருக்கும். வெளிக்காற்று அது வழியாகத்தான் ப்ளோயருக்கு வருகிறது. வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டால் இலை முதலில் கிரில்லில் சேரும். அந்தச் சின்ன இலையும் காம்பும் இடுக்கில் சுலபமாக நுழைந்துவிடும். தூங்குமூஞ்சி மரத்தின் இலைக்கும் இதே குணம். நிழலுக்காக மரத்தடியில் போடுவதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நம் வெயிலுக்கு அது தேவை. வண்டியை எடுக்கும்முன் கையால் கிரில்லைத் துடைத்துவிட்டால் போதும்.

ஏ.சி. ஃபில்டர் இருக்கிற வண்டியில் இலை பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். பழைய வேன்கள் பலவற்றில் ஃபில்டரே கிடையாது, நேராக வீலுக்குப் போகும். ஒரு சின்ன சோதனை: சத்தம் வரும்போது, வெளிக்காற்றை அடைத்து உள்ளே இருக்கிற காற்றையே சுற்றவிடும் உள்காற்று பட்டனை அமுக்கிப் பாருங்கள். சத்தம் நின்றாலோ மாறினாலோ, குப்பை வெளிக்காற்று வரும் வழியில் தேங்கியிருக்கிறது.

நானே கழட்டிப் பாக்கலாமா சார், இல்ல வம்பா?

பேப்பர் வைக்கும் டப்பாவைக் கழற்றினால் மோட்டார் கண்ணுக்குத் தெரிகிற வண்டிகளில் தாராளமாகப் பார்க்கலாம். ஏர்பேக் இருக்கிற வண்டியில் அந்தப் பக்கத்து மஞ்சள் நிற வயர்களைத் தொடவே கூடாது. சாவியை எடுத்து, பேட்டரி மைனஸைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டிய மாடலாக இருந்தால் ஆள் வைத்துச் செய்வதே நல்லது.

மோட்டாரின் சாக்கெட்டை வயரைப் பிடித்து இழுக்காமல், லாக்கை அமுக்கிக் கழற்றுங்கள். சுற்றிலும் இரண்டு மூன்று ஸ்க்ரூ இருக்கும். கடைசி ஸ்க்ரூவை எடுக்கும்போது அடியில் ஒரு கை கொடுங்கள், மோட்டார் வீலோடு கீழே இறங்கும். பல மோட்டார்களில் பக்கவாட்டில் சின்ன ரப்பர் டியூப் ஒன்று இருக்கும். மோட்டார் சூடாகாமல் காற்று கொடுக்கும் வழி அது. எங்கே மாட்டியிருந்தது என்று கழற்றும்முன்பே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கழட்டியாச்சு. வாட்டர் சர்வீஸ்ல ஏர் அடிச்சா சுத்தமாகிடுமா?

ஆகும், ஆனால் வீலும் போகலாம். ஏர் வேகத்தில் வீல் கட்டுக்கடங்காமல் சுற்றும், மெல்லிய தகடு உடையும். வீலைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, குறைந்த அழுத்தத்தில் அடிக்கலாம். அதைவிட, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு தகடாகத் தட்டி எடுப்பது மேல். மண் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரத்துணி போதும். மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கக் கூடாது.

தகட்டில் சின்னதாக இரும்பு க்ளிப் ஒன்று இருந்தால் அதை எடுத்துவிடாதீர்கள். 'ஏதோ இரும்பு சிக்கியிருக்கு' என்று பிடுங்கிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. வீல் ஆடாமல் சுற்ற கம்பெனியில் வைத்த எடை அது. எடுத்தால் அதுவரை இல்லாத அதிர்வு தொடங்கும்.

மோட்டார் இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்து, மிச்சக் குப்பையையும் கையால் எடுங்கள். உள்ளே ஏர் அடித்தால் குப்பை கூலிங் காயிலில் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் காயிலையே இறக்க வேண்டிவரும்.

ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டா சத்தம் நின்னுடுச்சே? இது தப்பா?

இன்றைக்கு நிற்கும். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகும், தூசியைப் பிடித்துக்கொள்ளும். புஷ் முன்பைவிட இறுகும். துரு எடுக்க அடிக்கிற ஸ்ப்ரேயும் இதற்கு உதவாது. புஷ்ஷுக்குள் ஊறியிருக்கிற கொஞ்ச நஞ்ச எண்ணெயையும் அது கழுவிவிடும்.

தையல் மெஷின் எண்ணெய் சரியானது. தண்டு புஷ்ஷுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சொட்டு, கையால் சுற்றிவிட்டு இன்னொரு சொட்டு. அதற்குமேல் வேண்டாம், மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கிற கார்பன் பிரஷ் பக்கம் எண்ணெய் இறங்கினால் மோட்டார் கெட்டுவிடும். எண்ணெய் விடும்முன் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடவில்லை என்றால் புஷ் வெறுமனே உலர்ந்திருக்கிறது, எண்ணெய் கேட்கும். ஆடினால் தேய்ந்துவிட்டது. எண்ணெய் சில நாள் மறைக்கும், குணமாக்காது. புஷ் மாற்றித் தருகிற மோட்டார் வைண்டிங் கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் மோட்டார்தான் மாற்ற வேண்டும்.

தம்பி, ரெண்டு வாரம் வண்டி எடுக்கல. இப்ப சத்தத்தோட கெட்ட வாடையும் வருது.

ப்ளோயரை உடனே நிறுத்துங்கள். எலி கூடு கட்டியிருக்கும். மார்க்கெட், குடோன், மீன் கம்பெனி பக்கத்தில் நிறுத்துகிற வண்டிகளுக்கு இது சகஜம். காசிமேட்டிலிருந்து வருகிற வண்டிகளில் அடிக்கடி பார்க்கிறோம். கிரில் வழியாக ஏறி, பஞ்சு, துணி, சீட்டு ஃபோம் எல்லாம் கொண்டுவந்து வீலைச் சுற்றி அடைத்துவைக்கும்.

இங்கே சத்தத்தைவிடப் பெரிய கவலை உடம்பு. எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் வழியாகப் பரவும். கையில் வெட்டுக்காயத்தோடு வெறுங்கையாக எடுக்கவே கூடாது. கையுறை, மாஸ்க் போட்டு, பிளீச்சிங் கலந்த தண்ணீர் தெளித்து, நனைந்தபின் எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். ஏர் அடிப்பது, காய்ந்த நிலையில் பெருக்குவது இரண்டும் வேண்டாம். ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். வயரைக் கடித்திருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் பேட்டரியை மாட்ட வேண்டும். கிரில்லுக்குள் மெல்லிய துருப்பிடிக்காத கம்பி வலை வைத்துவிட்டால் மறுபடி ஏறாது.

நாலாம் நம்பர்ல மட்டும் காத்து வருது, மத்த நம்பர்ல இல்ல. மோட்டார் மாத்தணும்னு சொல்றாங்க.

மோட்டார் நன்றாக இருக்கிறது, அதனால்தான் நாலாம் நம்பர் வேலை செய்கிறது. குமிழைத் திருகும் சாதாரண ஏ.சி.யில் கீழ் வேகங்களுக்கு மின்சாரம், அதைக் குறைத்துக் கொடுக்கிற ரெசிஸ்டர் வழியாக வரும், உச்ச வேகத்துக்கு நேராக வரும். ரெசிஸ்டர் எரிந்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும்.

ஆனால் ரெசிஸ்டர் ஏன் எரிந்தது என்று கேட்காமல் புதிதை மாட்டாதீர்கள். அது ப்ளோயர் காற்றிலேயே குளிர்கிற சாமான், காற்று போகும் பாதையில்தான் உட்கார்ந்திருக்கும். இலை அப்பினாலும் ஃபில்டர் அடைத்தாலும் சூடாகி எரியும். புஷ் இறுகிய மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்தாலும் எரியும். மாதக்கணக்கில் கீச்சிட்ட ப்ளோயரை அப்படியே ஓட்டியவர்கள்தான் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்.

ஃப்யூஸ் அடிக்கடி போகுது, பெருசா ஒண்ணு போட்டுக்கலாமா?

போடவே கூடாது. வயர் எரியாமல் இருக்க ஃப்யூஸ் தன்னை எரித்துக்கொள்கிறது. அதைப் பெரிதாக்கினால் டேஷ்போர்டுக்குள் வயர் எரியும், உள்ளே ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஃப்யூஸ் பெட்டி மூடியில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவுதான்.

மோட்டார் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். பழுப்பாகியிருந்தாலோ உருகியிருந்தாலோ மோட்டாரோடு சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையிலேயே ஓடுகிற வண்டிகளில் உப்புக்காற்றால் சாக்கெட் பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அந்த இடத்தில் சூடு உண்டாகும். சுத்தம் செய்து இறுக்கமாக உட்கார வைத்தாலே சில வண்டிகளில் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

ப்ளோயர ஆஃப்லயே வெச்சாலும் டேஷ்போர்டுல 'கட் கட்'னு சத்தம் வருதே?

அப்படியென்றால் ப்ளோயர் இல்லை. காற்றை முகத்துக்கும் காலுக்கும் கண்ணாடிக்கும் திருப்புகிற ஃப்ளாப்கள் உள்ளே இருக்கின்றன. சில வண்டிகளில் அவற்றைச் சின்ன மோட்டார் திருப்பும். அதன் பிளாஸ்டிக் பல் உடைந்தால், சாவி போட்டதும் அல்லது பட்டனை மாற்றியதும் சில விநாடி 'கட் கட்' என்று அடித்து நிற்கும். அந்தச் சின்ன மோட்டாரை மட்டும் மாற்றினால் போதும்.

திரும்பும்போது 'களக் களக்' என்று தண்ணீர் ஆடுகிற சத்தம் வந்தால் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீர் மட்டம் ஏறினால் ப்ளோயர் மோட்டாருக்கே வந்துவிடும்.

வெள்ளத்துல நின்ன வண்டி. ஏ.சி. வேலை செய்யுது, ஆனா ப்ளோயர் உறுமுது.

சீட்டு உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் ப்ளோயரும் முழுகியிருக்கும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நம் பக்கம் இப்படி நின்ற வண்டிகள் ஏராளம். காய்ந்தபிறகு மோட்டார் சுற்றத்தான் செய்யும். உள்ளே புஷ்ஷிலும் தண்டிலும் துரு பிடித்து, சில மாதம் கழித்து உறுமும். அதைச் சுத்தம் செய்து மீட்பது அபூர்வம், மாற்றிவிடுவதே சரி.

2023-இல் எர்ணாவூர், எண்ணூர் பக்கம் வந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்திருந்தது. அந்த மாதிரித் தண்ணீரில் நின்ற வண்டிக்கு ப்ளோயர் பெட்டி, ஃப்ளாப், காயில் எல்லாவற்றையும் இறக்கிக் கழுவாமல் வாடை போகாது. முழுகிய வண்டியில் காய்வதற்கு முன் ப்ளோயரைப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

எங்க டூரிஸ்ட் வேன்ல பின்னாடி கூரையில வர்ற காத்துதான் சத்தம். முன்னாடி அமைதியா இருக்கு.

பின் பக்கத்துக்குக் கூரையில் தனி காயில், தனி ப்ளோயர். பலவற்றில் ஒரே மோட்டாரின் இரண்டு பக்கமும் தண்டு நீண்டு, பக்கத்துக்கு ஒரு வீல் இருக்கும். ஒரு வீல் சற்று நகர்ந்து பெட்டியில் உரசினாலும் கூரை முழுக்க அதிரும். மூடியைக் கழற்றி, கையால் சுற்றி, எந்தப் பக்கம் உரசுகிறது என்று பார்த்து, வீலை நகர்த்தி இறுக்கினால் சரியாகிவிடும். மூடியைப் பிடிக்கிற ஸ்க்ரூ விழுந்துபோய், பிளாஸ்டிக் மட்டும் நடுங்குவதும் உண்டு. ஓடும்போது மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், சத்தம் நின்றால் மோட்டார் தப்பித்தது.

புதுப்பேட்டையில பழசு வாங்கட்டுமா, ஜி.பி. ரோட்டுல புதுசு வாங்கட்டுமா?

வண்டியை நம்பிப் பிழைப்பவர் புதிது வாங்குங்கள். பழசில் புஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது ஓடிப் பார்த்தால்தான் தெரியும். பழசுதான் கட்டுப்படியாகும் என்றால், கடையிலேயே பேட்டரியில் ஓடவிட்டுக் கேளுங்கள், தண்டை ஆட்டிப் பாருங்கள், வீல் தகடுகளை நல்ல வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எங்கே வாங்கினாலும் கழற்றிய மோட்டாரைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே மாடல் வண்டியில் வருடத்துக்கு வருடம் சாக்கெட்டும் வீல் உயரமும் மாறும்.

புது மோட்டார் போட்டும் சத்தம் போகல, காத்தும் குறைஞ்சுடுச்சு. ஏமாந்துட்டேனா?

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டாதீர்கள். சாக்கெட் பொருந்தாமல் வயரை வெட்டி ஒட்டியிருந்தால் பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இந்த வகை வீல் எதிராகச் சுற்றினாலும் கொஞ்சம் காற்று தள்ளும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இரைச்சல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் இருக்கும்.

வயர் சரி என்றால், கழற்றும்போது சொன்ன அந்த ரப்பர் டியூப் மாட்டியிருக்கிறதா, மோட்டார் அடியில் ஃபோம் வாஷர் வைத்தார்களா, ஃபில்டர் மடங்கி உள்ளே இழுபட்டிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ஃபில்டர் ஓரத்தில் காற்றுப் போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அதையும் கவனியுங்கள்.

ஊட்டியில ஹீட்டர் போட்டாலும் அதே சத்தம். ஹீட்டரும் போச்சா?

ஹீட்டருக்கென்று தனி விசிறி கிடையாது. எஞ்சின் சுடுதண்ணீர் ஓடுகிற சின்ன காயில் வழியாக இதே ப்ளோயர் காற்றைத் தள்ளுகிறது. மேலே சொன்ன சோதனைகளே இதற்கும் பொருந்தும்.

கனடாவுல இருக்கிற என் மச்சான் வீடு மாதிரி இருக்கிற வண்டி வெச்சிருக்கார். அதுல ஃபர்னஸ் ஃபேன் கத்துதாம். நீங்க சொன்னதையே அவருக்கும் சொல்லட்டுமா?

இலை, புஷ், ஆட்டம் காணும் தண்டு பற்றிச் சொன்னது பொருந்தும். ஆனால் அது நம் ஹீட்டர் இல்லை. அங்கே புரோப்பேன் கேஸ் எரிகிறது. ஒரே 12 வோல்ட் மோட்டாரில் பொதுவாக இரண்டு வீல்: ஒன்று வண்டிக்குள் சுடுகாற்றைத் தள்ளும், மற்றது எரிவதற்குக் காற்று கொடுத்துப் புகையை வெளியே அனுப்பும். வெளிப்பக்கத்துப் புகைக் குழாயில் குளவி வந்து கூடு கட்டுவது அங்கே பெரிய தொந்தரவு. முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போதுமான காற்று வருகிறதா என்று பார்க்கிற சுவிட்ச் ஒன்றும் அதில் இருக்கும். பேட்டரி இறங்கி விசிறி மெதுவானால் அந்தச் சுவிட்ச் கேஸைத் திறக்க விடாது. விசிறி மட்டும் சுற்றும், சூடு வராது. அதைத் தவிர்க்க சுவிட்சை வயர் போட்டு நேராக இணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் அப்படிச் செய்யவே கூடாது.

எல்லாவற்றையும்விட இதை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்: புகை வெளியேற்றும் வீல் கெட்டாலோ, புகையையும் வண்டிக்குள் வரும் காற்றையும் பிரிக்கிற உள் தடுப்பு விரிசல் விட்டாலோ கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. வண்டியில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பார்க்கட்டும். சத்தம் எந்த வீலில் என்று தெரியும்வரை அதைப் போட்டுக்கொண்டு தூங்க வேண்டாம். கேஸைத் தொடுகிற வேலைக்கு அங்கே உரிமம் பெற்ற ஆளைக் கூப்பிடட்டும்.